பழைய அளவைக் கருவிகளில் எஸ்.எம்.பி.எஸ். பழுது: கண்டறிதலும் சீரமைத்தலும்

ஆசிலோஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர், ஸ்பெக்ட்ரம் அனலைசர் முதலான பழைய அளவைக் கருவிகள் செயலிழக்கும்போது, அளவையைச் செய்யும் நுட்பமான சுற்றுகளைவிட அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளையே பெரும்பாலும் முதலில் தளர்ந்திருக்கும். கருவி இயங்கும் நேரமெல்லாம் உயர் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒருசேரத் தாங்கி நிற்பது அந்தப் பகுதிதான் என்பதே இதற்குக் காரணம். 1972-இல் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 465 என்ற ஆசிலோஸ்கோப்பில், மெயின் சப்ளையின் அதிர்வெண்ணிலேயே இயங்கும் கனமான மின்மாற்றியைக் கொண்ட நேரியல் பவர் சப்ளை இருந்தது. அதே காலத்தில் வந்த 485 என்ற மாதிரியிலோ, மெயின் மின்சாரத்தை நேரடியாக நேர்மின்னாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிச் சிறிய மின்மாற்றி வழியே செலுத்தும் எஸ்.எம்.பி.எஸ். இடம்பெற்றது. துடிப்பின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை ஒரே சில்லில் அடக்கிய எஸ்.ஜி.1524 என்ற ஐ.சி. 1976-இல் வந்த பிறகு இம்முறை பரவலாகி, 1980-களில் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 2445, 2465 போன்ற கருவிகளில் இயல்பான அமைப்பாகவே ஆகிவிட்டது.

நேரியல் பவர் சப்ளையைப் பழுதுபார்த்துப் பழகியவர்களுக்கு எஸ்.எம்.பி.எஸ். குழப்பம் தருவது, அது ஒரு மூடிய வளையமாக இயங்குவதால்தான். நேரியல் அமைப்பில் மின்மாற்றி, அலைத்திருத்தி, மின்தேக்கி, சீராக்கி என வரிசையாக அளந்துகொண்டே போனால் மின்னழுத்தம் எந்த இடத்தில் காணாமற்போகிறதோ அந்த இடத்தில் பழுது இருக்கும், எஸ்.எம்.பி.எஸ்.-இலோ வெளியீட்டிலுள்ள ஒரு சிறு மின்தேக்கி ஷார்ட் ஆனாலும், கட்டுப்பாட்டு ஐ.சி.-யின் மின்னூட்டம் குறைந்தாலும், பின்னூட்டப் பாதையில் ஒரு மின்தடை திறந்துகொண்டாலும் விளைவு ஒன்றுதான்: முழுச் சுற்றும் நின்றுவிடும். எனவே பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது இங்கே முறையாகாது; வளையத்தைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனியாக, பாதுகாப்பான சிறு மின்னழுத்தத்தில் இயக்கிப் பார்ப்பதே முறையாகும். இந்த அத்தியாயம் அந்த முறையைப் படிப்படியாக விளக்குகிறது.

சுற்றின் அமைப்பு

எஸ்.எம்.பி.எஸ்.-ஐ ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது பழுது தேடுவதற்கு வசதியானது. முதலாவது, ஃபியூஸ், இரைச்சல் வடிகட்டி, தொடக்க மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தெர்மிஸ்டர் ஆகியவை அடங்கிய நுழைவுப் பகுதி. இரண்டாவது, மெயின் மின்சாரத்தை நேர்மின்னாக்கும் பிரிட்ஜ் அலைத்திருத்தியும், அந்த நேர்மின்னைத் தேக்கி வைக்கும் பெரிய மின்தேக்கிகளும். 230 வோல்ட் மெயினில் இங்கே சுமார் 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். மூன்றாவது, அந்த மின்னழுத்தத்தை வெட்டும் டிரான்சிஸ்டர் அல்லது மாஸ்ஃபெட்டும், மின்மாற்றியின் முதன்மைச் சுருளும். நான்காவது, துணைச் சுருள்களும் அவற்றைத் தொடரும் வேக டயோடுகளும் வடிகட்டி மின்தேக்கிகளும். ஐந்தாவது, வெளியீட்டைக் கவனித்துத் துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டு ஐ.சி.-யும், அதற்குத் தகவல் கொண்டுசெல்லும் பின்னூட்டப் பாதையும், அதிக மின்னோட்டமோ அதிக மின்னழுத்தமோ ஏற்பட்டால் இயக்கத்தை நிறுத்தும் காப்புச் சுற்றுகளும்.

அளவைக் கருவிகளில் இந்த அமைப்போடு இன்னொரு படியும் சேர்ந்திருப்பதுண்டு. டெக்ட்ரானிக்ஸ் 2465-ஐ எடுத்துக்கொண்டால், ஏ3 எனப்படும் இன்வெர்ட்டர் போர்டு மின்சாரத்தை வெட்டி மாற்றித் தருகிறது. ஏ2 எனப்படும் ரெகுலேட்டர் போர்டு அவ்வாறு கிடைத்த மின்னழுத்தங்களை நேரியல் சீராக்கிகள் வழியே துல்லியமாக்கி, +87, +42.4, +15, +5, −5, −8, −15 வோல்ட் என்று பல தடங்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை அளவாக நிற்பது +10 வோல்ட் ரெஃபரன்ஸ் ஆகும். அது பிசகினால் மற்ற தடங்களும் சேர்ந்தே பிசகும் என்பதால், இத்தகைய கருவியில் எந்தத் தடம் தவறாக இருந்தாலும் முதலில் அளக்க வேண்டியது அந்த ரெஃபரன்ஸைத்தான்.

பாதுகாப்பு

கருவியின் மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 200 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 325 வோல்ட்டில் ஏறத்தாழ 10.5 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. அது உயிருக்கு ஆபத்தாகக்கூடிய அளவு. ஸ்க்ரூடிரைவரால் முனைகளை ஷார்ட் செய்வது மின்தேக்கியையும் போர்டையும் கெடுக்கும் என்பதால், 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்டு மின்தடை ஒன்றை மின்காப்புள்ள கம்பிகளுடன் இணைத்து, சில நொடிகள் முனைகளில் தொட்டுவைத்து இறக்க வேண்டும். இறக்கியதை மல்டிமீட்டரால் உறுதிசெய்த பின்னரே போர்டில் கைவைக்க வேண்டும்.

முதன்மைப் பக்கத்தின் எதிர்முனை பூமியின் மின்னழுத்தத்தில் இருப்பதில்லை; பிரிட்ஜ் அலைத்திருத்தி வழியாக அது மெயினோடு பிணைந்திருக்கிறது. சோதிக்கப் பயன்படும் ஆசிலோஸ்கோப்பின் புரோப் எர்த் கிளிப்போ அதன் மின்கம்பி வழியாகப் பூமியோடு இணைந்திருக்கிறது. ஆகவே அந்தக் கிளிப்பை முதன்மைப் பக்கத்தில் மாட்டினால் மெயின் நேரடியாக ஷார்ட் ஆகும். இதைத் தவிர்க்க ஆசிலோஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடுவது சிலரிடம் காணப்படும் பழக்கம். அவ்வாறு செய்தால் ஆசிலோஸ்கோப்பின் உலோக உடலே 325 வோல்ட்டில் நிற்க நேரும் என்பதால் அது அறவே கூடாது. பழுதான கருவியை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இயக்குவதோ, இரண்டு புரோப்களை வைத்து வேறுபாட்டை அளப்பதோதான் முறை. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் வீட்டு ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது என்பதையும், இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் தொட்டால் அதிர்ச்சி உறுதி என்பதையும் மறக்கலாகாது.

மின்சாரம் கொடுக்கும் முன்

பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த கருவியை உடனே பிளக்கில் செருகிப் பார்ப்பது, இருக்கும் பழுதோடு புதுப் பழுதைச் சேர்ப்பதாகவே முடியும். முதலில் பார்க்க வேண்டியது பின்புறமுள்ள மின்னழுத்தத் தெரிவு ஸ்விட்ச் ஆகும். அமெரிக்காவிலிருந்து வந்த கருவிகள் 115 வோல்ட் நிலையில் இருக்கலாம். அந்த நிலையில் அலைத்திருத்தி மின்னழுத்தத்தை இரட்டிக்கும் வகையில் அமைந்திருப்பதால், 230 வோல்ட் கொடுத்தால் தேக்கிகளின் மீது மொத்தம் 650 வோல்ட் ஏறி அவை வெடித்துவிடும்.

அடுத்து, மெயின் வடிகட்டியிலுள்ள மின்தேக்கிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மெயினின் இரு கம்பிகளுக்கு இடையே இணைக்கப்படுவது எக்ஸ் வகை மின்தேக்கி என்றும், கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே இணைக்கப்படுவது ஒய் வகை என்றும் வழங்கப்படும். 1970, 80-களின் கருவிகளில் பரவலாகக் காணப்படுவது ரிஃபா நிறுவனத்தின் பி.எம்.இ.271 வரிசை. உலோகப் பூச்சுள்ள காகிதத்தைப் பிசினில் பொதிந்து செய்யப்பட்ட இவற்றின் ஒளி ஊடுருவும் மேலுறை, காலப்போக்கில் மயிரிழை விரிசல்கள் விட்டு ஈரத்தை உள்ளிழுக்கிறது. அதன்பின் மின்சாரம் கொடுத்தால், சில நிமிடங்களிலோ சில மணிகளிலோ மின்தேக்கி வெடித்து, கடுமையான நெடியுடன் புகை கிளம்பும். டெக்ட்ரானிக்ஸ் 2465-இலும் இவ்வகை மின்தேக்கிகள் உள்ளன. விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மின்சாரம் கொடுக்கும் முன்பே இவற்றை மாற்றிவிடுவது நல்லது. அளந்து பார்க்காமல் மாற்றத்தக்க ஒரே பாகம் இதுதான்.

பிறகு எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளின் தலை பொங்கியிருக்கிறதா, அடியில் திரவம் கசிந்து செம்புத் தடத்தைப் பச்சையாக அரித்திருக்கிறதா, சூடாகும் மின்தடைகளின் கீழே போர்டு கருகியிருக்கிறதா, மின்மாற்றி, ஹீட்சிங்க் போன்ற கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி டிரை சால்டர் வளையம் தெரிகிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, பிரிட்ஜின் நான்கு டயோடுகளும் ஒரு திசையில் 0.45 முதல் 0.6 வோல்ட் வரை காட்டி, எதிர்த்திசையில் திறந்திருக்கின்றனவா என்றும், மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஒரு திசையில் மட்டும் டயோடு காட்டுகிறதா என்றும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய மின்தேக்கி இணைந்திருக்கும் இடத்தில் அளவு மெல்ல மெல்ல ஏறினால், மீட்டர் அதை மின்னேற்றுகிறது என்றே பொருள், அது பழுதன்று.

ஃபியூஸ் போயிருந்தால்

கண்ணாடி ஃபியூஸ் தன் கதையைத் தானே சொல்லும். உட்புறம் கறுத்தோ, உலோகப் படிவால் கண்ணாடிபோல் பளபளத்தோ இருந்தால் பெரும் மின்னோட்டம் ஒரு நொடியில் பாய்ந்திருக்கிறது. அங்கே பிரிட்ஜோ மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருப்பதை எதிர்பார்க்கலாம். கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் மிதமான மிகைச்சுமையோ, கம்பியின் முதுமையோ காரணமாகலாம்.

மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் அதை மட்டும் மாற்றி மின்சாரம் கொடுப்பது, புதிய மாஸ்ஃபெட்டையும் இழப்பதற்கான வழியாகும். ஷார்ட் ஆன கணத்தில் முதன்மைப் பக்கத்தின் உயர் மின்னழுத்தம் கேட் வழியே பின்னோக்கிப் பாய்ந்திருக்கக்கூடும் என்பதால், கேட் மின்தடை, ஒரு ஓமுக்கும் குறைந்த மதிப்புள்ள மின்னோட்ட உணர்வு மின்தடை, கட்டுப்பாட்டு ஐ.சி. ஆகியவற்றையும், மின்மாற்றியின் எழுச்சி மின்னழுத்தத்தை விழுங்கும் ஸ்னப்பர் சுற்றிலுள்ள டயோடு, மின்தேக்கி, மின்தடை ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். ஸ்னப்பர் கெட்டதால் மாஸ்ஃபெட் போனதா, மாஸ்ஃபெட் போனதால் மற்றவை கெட்டனவா என்பது விளங்காதவரை பழுது தீர்ந்ததாகக் கொள்ளலாகாது.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 அல்லது 100 வாட் இழைப் பல்பு ஒன்றைத் தொடரில் இணைப்பது பயனுள்ள காப்பு. தொழிலில் சீரிஸ் பல்பு எனப்படும் இது, முதன்மைப் பக்கத்தில் ஷார்ட் இருந்தால் முழு ஒளியில் எரிந்து மின்னோட்டத்தைத் தன்னிடமே தடுத்துக்கொள்ளும். ஷார்ட் இல்லையெனில் மின்தேக்கிகள் மின்னேறும்வரை ஒரு கணம் ஒளிர்ந்து மங்கும். ஆனால் பல்பு இணைந்திருக்கையில் கருவி சரியாகத் தொடங்காததை வைத்து முடிவு கட்டக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். தன் உள்ளீட்டு மின்னழுத்தம் குறையும்போது அதை ஈடுகட்ட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் பல்பில் மின்னழுத்தம் மேலும் இறங்கி, நல்ல பவர் சப்ளைகூடத் தொடங்கித் தொடங்கி நின்றுவிடும். பல்பு ஷார்ட் இல்லை என்பதைக் காட்டுமே தவிர, பவர் சப்ளை நன்றாக இருக்கிறது என்பதைக் காட்டாது.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் உயிர் இல்லையென்றால்

பெரிய மின்தேக்கியில் 325 வோல்ட் இருந்து, மாஸ்ஃபெட்டின் கேட்டில் துடிப்பே இல்லையென்றால், கட்டுப்பாட்டு ஐ.சி. விழித்தெழவில்லை என்று கொள்ளலாம். 1980-களில் பரவிய யு.சி.3842 ஐ.சி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 7-ஆம் காலில் மின்னழுத்தம் சுமார் 16 வோல்ட்டை எட்டினால்தான் அது இயங்கத் தொடங்கும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். தொடங்குவதற்கு வேண்டிய சிறு மின்னோட்டம், 325 வோல்ட் தடத்திலிருந்து ஓர் உயர்மதிப்பு மின்தடை வழியே வந்து, 7-ஆம் காலிலுள்ள மின்தேக்கியை மெல்ல நிரப்புகிறது, ஐ.சி. இயங்கத் தொடங்கியதும் மின்மாற்றியிலுள்ள துணைச் சுற்று ஒன்று அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது.

இங்கே இரண்டு பழுதுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, தொடக்க மின்தடையின் மதிப்பு முதுமையால் ஏறிவிடுவது. 220 கிலோ ஓம் மின்தடை சுமார் 1.4 மில்லிஆம்பியர் கொடுக்கும். அது 400 கிலோ ஓமாக ஏறிவிட்டால் 0.8 மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே கிடைக்கும் என்பதால், 1 மில்லிஆம்பியர் வரை கேட்கக்கூடிய ஐ.சி. தொடங்காமலே போகலாம். இரண்டாவது, 7-ஆம் காலின் மின்தேக்கி உலர்ந்துபோவது. ஐ.சி. இயங்கும்போது 15 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 16 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டுக்கு இறங்க ஏறத்தாழ 19 மில்லிநொடி ஆகும். அதற்குள் மின்மாற்றியின் துணைச் சுற்று மின்னூட்டம் கொடுக்கத் தொடங்கிவிடும். அதே மின்தேக்கி உலர்ந்து 4.7 மைக்ரோஃபாரட்டாகச் சுருங்கியிருந்தால் கிடைப்பது 2 மில்லிநொடி கூட இல்லை. துணைச் சுற்று தயாராகும் முன்பே ஐ.சி. உறங்கிவிடும். சில ரூபாய் விலையுள்ள இந்த மின்தேக்கிக்காக மாஸ்ஃபெட்டையும் ஐ.சி.-யையும் மாற்றி ஏமாந்தவர்கள் பலர்.

கட்டுப்பாட்டுப் பகுதியைச் சோதிக்கச் சிறந்த வழி, மெயினை முற்றிலும் துண்டித்துவிட்டு, ஐ.சி.-க்கு மட்டும் மேசைப் பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் ஊட்டுவதாகும். யு.சி.3842-க்கு 17 வோல்ட் கொடுத்தால் 8-ஆம் காலில் 5 வோல்ட் ரெஃபரன்ஸும், 4-ஆம் காலில் ரம்பப்பல் அலையும், 6-ஆம் காலில் கேட்டுக்கான துடிப்பும் தெரிய வேண்டும். டி.எல்.494 ஐ.சி.-யாயின் 12-ஆம் காலில் 12 முதல் 15 வோல்ட் வரை கொடுத்து, 14-ஆம் காலில் 5 வோல்ட்டையும் 5-ஆம் காலில் ரம்பப்பல் அலையையும் பார்க்க வேண்டும். அதன் அதிர்வெண், 6-ஆம் காலின் மின்தடையையும் 5-ஆம் காலின் மின்தேக்கியையும் பெருக்கி, 1.1-ஐ அந்தப் பெருக்கத்தால் வகுத்துக் கிடைக்கும் அளவாகும். 10 கிலோ ஓமும் 2.2 நானோஃபாரட்டும் இருந்தால் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் வரும். அலை இருந்தும் வெளியீட்டுத் துடிப்பு இல்லையெனில், 4-ஆம் காலில் 3 வோல்ட்டுக்கு மேல் நின்று ஏதோ ஒரு காப்புச் சுற்று தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியீட்டில் மின்னழுத்தம் இல்லாததால் துடிப்பு முழு அகலத்தில் இருக்கும்; அது இயல்பே.

இந்தச் சோதனை வெற்றி பெற்றால், அடுத்த படியாக முதன்மைப் பக்கத்தின் பெரிய மின்தேக்கிக்கு மெயினுக்குப் பதிலாக, மின்னோட்ட வரம்புள்ள மேசைப் பவர் சப்ளையிலிருந்து 30 முதல் 60 வோல்ட் வரை கொடுத்துப் பார்க்கலாம். மாஸ்ஃபெட் வெட்டத் தொடங்கும். மின்மாற்றியின் அலைவடிவங்களை உயிருக்கு ஆபத்தின்றி ஆசிலோஸ்கோப்பில் பார்க்கலாம். வெளியீடுகளில் அந்த விகிதத்திற்கேற்ற சிறு மின்னழுத்தங்கள் தோன்றும். மெயினை இணைக்காமலே வளையத்தின் பெரும்பகுதியை இவ்வாறு சரிபார்த்துவிட முடியும்.

டிக் டிக் என்று ஒலித்தால்

ஸ்விட்சைப் போட்டதும் நொடிக்கு ஓரிரு முறை டிக் என்ற ஒலி எழுந்து, முன்பலகை விளக்குகள் மின்னி மறைந்தால், பவர் சப்ளை இறக்கவில்லை. தொடங்கி, ஏதோ ஒரு காரணத்தால் காப்புச் சுற்றால் நிறுத்தப்பட்டு, மீண்டும் முயல்கிறது. 2465 வகைக் கருவிகளில் இந்த ஒலி நன்கு அறியப்பட்ட அறிகுறி. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வெளியீட்டுத் தடம் ஏதேனும் ஷார்ட் ஆகியிருக்கிறது, பின்னூட்டம் கெட்டு வெளியீடு வரம்பை மீறுவதால் மிகை மின்னழுத்தக் காப்பு செயல்படுகிறது, அல்லது மேலே சொன்னபடி ஐ.சி.-யின் சொந்த மின்னூட்டம் நிலைக்கவில்லை. டிக் என்னும் கணத்தில் ஒவ்வொரு தடமும் எவ்வளவு உயரம் எழுகிறது என்பதை ஆசிலோஸ்கோப்பில் பிடித்தால் இவற்றைப் பிரித்தறியலாம். ஒரு தடம் மட்டும் எழாமல் பூச்சியத்திலேயே கிடந்தால் அங்கே ஷார்ட். எல்லாத் தடங்களும் உரிய அளவைத் தாண்டி எழுந்து விழுந்தால் பின்னூட்டக் கோளாறு.

ஷார்ட் பவர் சப்ளைக்குள் இருக்கிறதா, கருவியின் பிற போர்டுகளில் இருக்கிறதா என்பதை இணைப்பான்களைக் கழற்றிப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் பல எஸ்.எம்.பி.எஸ்.கள் குறைந்தபட்சச் சுமையின்றி நிலையாக இயங்கா. எனவே முக்கியமான வெளியீட்டுத் தடத்திற்காவது ஏற்ற மின்தடையைச் சுமையாக இணைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய அளவைக் கருவிகளில் ஷார்ட் ஆகும் பாகங்களில் முன்னிற்பது, துளி வடிவ டான்டலம் மின்தேக்கி. ஒரே தடத்தில் பல போர்டுகளில் பத்து, இருபது என்று அவை இணைந்திருக்கும்போது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது போர்டைச் சிதைக்கும். அதற்குப் பதிலாக, கருவியை அணைத்த நிலையில், மேசைப் பவர் சப்ளையை 0.5 வோல்ட், 1 ஆம்பியர் வரம்பில் வைத்து, அந்தத் தடத்திற்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். இந்த மின்னழுத்தம் சிலிக்கான் சந்திகளைத் திறக்கப் போதாது என்பதால், மின்னோட்டம் ஏறத்தாழ முழுவதும் ஷார்ட் உள்ள இடத்தை நோக்கியே பாயும். இனி மல்டிமீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையை மின்னோட்டம் நுழையும் இடத்தில் ஊன்றி, மறுமுனையைத் தடத்தின் வழியே நகர்த்திச் செல்ல வேண்டும். 35 மைக்ரான் தடிமனும் 1 மில்லிமீட்டர் அகலமும் உள்ள செம்புத் தடம், மில்லிமீட்டருக்குச் சுமார் அரை மில்லிஓம் மின்தடை கொண்டது. 1 ஆம்பியர் பாயும்போது 40 மில்லிமீட்டர் தூரத்தில் 20 மில்லிவோல்ட் வேறுபாடு காட்டும். மின்னோட்டம் பாயும் பாதையில் இந்த அளவு ஏறிக்கொண்டே போகும். ஷார்ட் உள்ள கிளையைத் தாண்டியதும் ஏறாமல் நின்றுவிடும். நின்ற இடத்திற்கு முன்னுள்ள கிளையில் தொடர்ந்து நகர்ந்தால், பழுதான மின்தேக்கியின் காலிலேயே முனை போய் நிற்கும். ஒரு சால்டரைக்கூட உருக்காமல் பழுதை அடையாளம் காணும் முறை இது. புதிய மின்தேக்கியைத் தடத்தின் மின்னழுத்தத்தைப் போல இரு மடங்கு தாங்குவதாகத் தெரிவு செய்து, துருவ முனைகளைச் சரிபார்த்துப் பொருத்த வேண்டும்.

இயங்கியும் சரியில்லை என்றால்

கருவி இயங்கும், ஆனால் திரையில் கோடு நடுங்கும், எழுத்துகள் அலையும், சூடானபின் தானாக அணையும் என்ற நிலையில், பெரும்பாலும் காரணம் முதுமையடைந்த எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளே. இவற்றினுள்ளே உள்ள திரவம் வெப்பத்தால் மெல்ல ஆவியாகும்போது, கொள்ளளவு குறைவதற்கு முன்பே, மின்தேக்கியோடு தொடரில் இருப்பதாகக் கொள்ளப்படும் உள்மின்தடை, அதாவது இ.எஸ்.ஆர்., ஏறிவிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது இவற்றுக்கான பொது விதி. கருவியின் விசிறியும் காற்றுத் துளைகளும் தூசி படிந்து கிடப்பது பவர் சப்ளையின் ஆயுளை நேரடியாகக் குறைப்பது இதனால்தான்.

ரிப்பிள் எனப்படும் எஞ்சிய அலையின் அதிர்வெண், பழுது எந்தப் பக்கம் என்பதைக் காட்டிவிடும். 50 ஹெர்ட்ஸ் மெயினில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் மிகுந்திருந்தால் முதன்மைப் பக்கத்தின் பெரிய மின்தேக்கிகள் தளர்ந்துள்ளன. பல பத்துக் கிலோஹெர்ட்ஸில் ரிப்பிள் மிகுந்திருந்தால் துணைப் பக்கத்தின் வடிகட்டி மின்தேக்கிகள் தளர்ந்துள்ளன. அளக்கும்போது புரோபின் நீண்ட எர்த் கம்பியைப் பயன்படுத்தினால், அது ஆண்டெனா போல இரைச்சலை வாங்கி, இல்லாத ரிப்பிளைக் காட்டும். புரோப் முனையோடு வரும் குறுகிய சுருள்கம்பியால் மின்தேக்கியின் கால்களிலேயே தொட்டு, 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பை இட்டு அளக்க வேண்டும்.

இ.எஸ்.ஆர். மீட்டர், மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் சுமார் 100 கிலோஹெர்ட்ஸில் அளப்பதால், மின்தேக்கியைக் கழற்றாமலே சோதிக்க உதவும். ஆனால் ஷார்ட் ஆன மின்தேக்கியை அது மிக நல்லது என்று காட்டும் என்பதையும், இணையாகப் பல மின்தேக்கிகள் இருந்தால் நல்லது ஒன்று கெட்டதை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மாற்றுப் பாகங்கள்

எக்ஸ் வகை மின்தேக்கிக்கு மாற்றாக, எக்ஸ்2 முத்திரையும் 275 வோல்ட் மாறுமின் தாங்குதிறனும் உள்ள பாலிபுரோப்பிலீன் மின்தேக்கியையே பொருத்த வேண்டும். 400 வோல்ட் நேர்மின் மின்தேக்கி அளவில் பொருந்தினாலும் மெயினில் அது பாதுகாப்பானதன்று. ஒய் வகைக்கு ஒய் வகையே வேண்டும். 2.2 நானோஃபாரட் ஒய் மின்தேக்கி 230 வோல்ட்டில் சுமார் 0.16 மில்லிஆம்பியரைக் கருவியின் உலோக உடலுக்குக் கசியவிடும். எர்த் இணைப்பு இருந்தால் அது பூமிக்குப் போய்விடும், இல்லையென்றால் தொடுபவரின் விரலில் கூசும்.

எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளை 105 டிகிரி தரமும் குறைந்த இ.எஸ்.ஆர்.-உம் உள்ளவையாக, நம்பகமான விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். கொள்ளளவை இஷ்டத்திற்கு உயர்த்துவதோ, மிகமிகக் குறைந்த இ.எஸ்.ஆர். கொண்ட வேறு வகையைப் போடுவதோ கூடாது. பின்னூட்ட வளையத்தின் நிலைத்தன்மை பழைய மின்தேக்கியின் இ.எஸ்.ஆர்.-ஐயும் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டிருக்கலாம். பழையதைக் கழற்றும் முன் துருவ முனைகளைப் படமெடுத்து வைப்பது பின்னால் பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

இறுதிச் சோதனை

பழுது நீங்கிய பவர் சப்ளையை உடனே கருவியோடு இணைக்கலாகாது. டெக்ட்ரானிக்ஸ் 2465 போன்றவற்றில், நிறுவனம் தனக்கென வடிவமைத்த ஐ.சி.கள் உள்ளன, அவை இன்று உற்பத்தியில் இல்லை. ஒரு தடம் ஒரு நொடி வரம்பு மீறினால் போகக்கூடியவை அவைதான். ஆகவே முதலில் போலிச் சுமையில் எல்லாத் தடங்களையும் அளந்து, சேவைக் கையேட்டிலுள்ள வரம்போடு ஒப்பிட்டு, அதன் பின்னரே இணைக்க வேண்டும். இணைத்த பிறகு, வேரியாக் கொண்டு மெயினை 207 முதல் 253 வோல்ட் வரை, அதாவது 230 வோல்ட்டுக்குப் பத்து விழுக்காடு மேலும் கீழுமாக மாற்றிப் பார்த்தால், தடங்கள் அசையக் கூடாது. மூடியைப் பூட்டி ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் இயக்கிச் சூடான நிலையில் தடங்களையும் ரிப்பிளையும் மீண்டும் அளந்து, குளிர்ந்த நிலையில் எடுத்த அளவுகளோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

விளக்கு எரிந்ததும் பழுது தீர்ந்தது என்று மூடியைப் பூட்டுவது பாதி வேலையே. முழுச் சுமையில், முழு வெப்பத்தில், எல்லாத் தடங்களும் வரம்புக்குள் நின்றால் மட்டுமே அந்தக் கருவி மீண்டும் பிறவற்றை அளக்கத் தகுதி பெறுகிறது.